பெடல் ஓடாத விஜயதசமி

போன வாரம் செகந்திராபாத் பார்க் லேனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப். பட்டனை அமுக்கிவிட்டு நீங்கள் காபி போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரலாம். அதற்குப் பிறகுதான் அது கண்ணைத் திறக்கும். புது விண்டோஸ் இதில் ஏறவே ஏறாதாம். "ஜஸ்ட் பை எ நியூ ஒன், அம்மா" என்று மகள் சொல்லிவிட்டாள். நான் தமிழில் திட்டினால் அவளுக்கு முழுசாகப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும். கடைக்காரர் லேப்டாப்பைப் புரட்டிப் பார்த்தார். இதற்கு லினக்ஸ் போட்டால் ஓட்டமாக ஓடும், அதுவும் இலவசம் என்று தெலுங்கில் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். லினக்ஸில் பல வகை இருக்கிறது, "ஏதி வேயமண்டாரு மேடம்?" என்று கேட்டார். எதைப் போடட்டும் என்கிறார்.

எதையாவது போடுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். உள்ளே யாரோ ஒரு பெட்டியைத் திறந்து போட்டிருந்தார்கள். சூடான தூசியும் ஈயம் பற்றவைக்கிற புகையும் கலந்து ஒரு வாசனை வந்தது. மல்லிகைப்பூ, மண்வாசனை என்றெல்லாம் மற்றவர்களுக்கு ஞாபகம் வரும். எனக்கு வாய்த்தது இதுதான், என்ன செய்ய?

அந்த வாசனை எங்கள் அமீர்பேட் ஆபீசினுடையது. அப்போது அமீர்பேட்டில் மெட்ரோ கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கினால் வேண்டாம் என்று சொல்வதற்குள் கை நிறைய நோட்டீஸ் வந்துவிடும். ஜாவா படியுங்கள், டெஸ்டிங் படியுங்கள், படித்தவுடன் அமெரிக்கா போங்கள் என்று ஒவ்வொன்றும் சத்தியம் செய்யும். மெட்டுகுடாவில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் அலமாரித் தட்டெல்லாம் அந்த நோட்டீஸ்தான் விரித்திருக்கும். ஜாவாவின் மேல் உளுந்து டப்பா, டெஸ்டிங்கின் மேல் புளி. நான் படித்தது விலங்கியல். தவளையின் எலும்புகளுக்குப் பெயர் தெரியும் என்ற ஒரே தகுதியில் எனக்கு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலை கிடைத்தது.

அந்த வேலை இப்போது பலருக்குத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் டாக்டர் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு, என்ன பார்த்தேன், என்ன செய்தேன் என்று ஒரு மெஷினில் வாயால் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அந்தக் குரல் ஃபைலாக அமீர்பேட்டுக்கு வரும். நாங்கள் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு டைப் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். கை ரெண்டும் டைப் செய்வதில் இருக்கும் என்பதால் குரலை ஓட்டுவதும் நிறுத்துவதும் காலால். மேஜைக்கு அடியில் ஆளுக்கொரு பெடல், தையல் மெஷினுக்கு இருப்பது மாதிரி, ஆனால் சின்னது. நடுவில் மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் வாயை மூடுவார், இடது பக்கம் மிதித்தால் சொன்னதையே மறுபடி சொல்வார். வீட்டில் அப்பாவிடம் கூட எனக்கு அந்த வசதி இருந்ததில்லை.

சேர்ந்த புதிதில் யாரோ ஒரு கிழவர் ஆபரேஷன் மேஜையில் இறந்துபோன ஃபைலை டைப் செய்துவிட்டு அழுதேன். முதலாளி பிரசாத் சார் கதவருகில் நின்று, "ஏடிஸ்தே ஃபைல் ஆகதம்மா" என்றார். அழுதால் ஃபைல் நிற்காதாம். கெட்ட மனிதர் இல்லை, உண்மையைச் சொன்னார். சில மாதங்களில் எல்லாம் சரியாகிவிட்டது. ஒரு பக்கம் எலுமிச்சை சாதம், மறுபக்கம் யாருடைய நுரையீரலிலோ நீர். காட்பாடியில் பெரியப்பா போனதாகத் தந்தி மாதிரி ஒரு ஃபோன் வந்தபோது, "எதனால?" என்று மட்டும் கேட்டேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காடி? கல்லு மாரி நிக்கிற" என்றாள். கல்லுக்கு வேலை இருந்தது, கிளம்பி ஆபீசுக்குப் போனது.

அந்த ஆபீசில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் இருந்தான், முரளி. மௌலா அலி பக்கம் மத்திய அரசு ஊழியர் காலனியில் சொந்த வீடு. அப்பா அங்கே ஒரு ஆலையில் வேலை. அந்தக் காலனியில் வீட்டுக்கு ஒரு பையன் அமெரிக்காவில் இருந்தான். முரளி, போனவர்கள் விட்டுப்போன கம்ப்யூட்டர்களை அவர்களுடைய அப்பாக்களுக்கு ரிப்பேர் செய்து கொடுத்துக்கொண்டிருந்தான். பல இன்டர்வியூக்களில் கடைசிச் சுற்றில் கழன்றவன். திருநெல்வேலிக்காரர்கள், வீட்டில் அந்தப் பேச்சை அப்படியே வைத்திருந்தார்கள். நாங்களோ வெள்ளைக்காரன் காலத்திலேயே வேலூரிலிருந்து செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட கூட்டம், எங்கள் தமிழில் பாதி தக்கனி உருது. நான் "ஹவ்" என்று சொன்னால் அவன் விடமாட்டான். "ஆமான்னு சொல்லுததுக்குத் தமிழ்ல ஒரு சொல் கூட கெடைக்கலையா மேடம்?" என்பான். ஆபீசில் எல்லாப் பெண்களும் அவனுக்கு மேடம்தான்.

ஒரு நாள் ஆபீசுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. கம்ப்யூட்டர்களில் இருப்பதெல்லாம் காப்பி அடித்த சாஃப்ட்வேர், ஒன்று காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கு, இல்லையென்றால் நடவடிக்கை என்று. அந்தக் காலத்தில் அமீர்பேட்டில் காப்பி அடிக்காத சாஃப்ட்வேர் எங்கே இருந்தது? பிரசாத் சாருக்கு வேர்த்துவிட்டது. முரளி போய், லினக்ஸ் இருக்கிறது சார், யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், சட்டப்படியே இலவசம் என்றான். சார் நம்பவில்லை. "ஃப்ரீ அண்டே ஃப்ரீயேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஃப்ரீ என்றால் நிஜமாகவே ஃப்ரீதானா என்று. கடைசியில் ஒரு பேச்சு வந்தது. தசராவுக்குள் எது நல்லதோ பார்த்து வை, விஜயதசமி அன்று ஆபீஸ் முழுக்க அதில் ஓட வேண்டும். ஓடினால் சிஸ்டம் டிபார்ட்மெண்ட் உன்னுடையது, என் நண்பர்களின் ஆபீஸ்களையும் உன்னிடமே விடச் சொல்கிறேன்.

முரளிக்கு இது சாதாரண விஷயம் இல்லை. அவனுடைய மாமா மஸ்கட்டில் ஏசி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். விசா தயாராகி வந்து கிடந்தது. அம்மா தினமும் போ போ என்றாள், இவன் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தான். "இங்க ஒண்ணு ஓடிட்டா நான் எதுக்கு மஸ்கட்ல போய் கம்ப்ரெசர் விக்கேன்?" என்று என்னிடம் சொன்னான். ஓடினால் ஹைதராபாத், ஓடாவிட்டால் மஸ்கட். அவ்வளவுதான் கணக்கு.

வாட்டர் ஃபில்டர் பக்கத்தில் ரெண்டு கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. அதில் வாரத்துக்கு ஒரு லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டு எங்களை உட்கார வைத்தான். பெயரெல்லாம் எங்கள் வாயில் நுழையவில்லை, நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டோம். நீலம், இன்டர்நெட் சென்டரில் நாள்கணக்காக உட்கார்ந்து இறக்கியது. பச்சை, ஏதோ பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி, உள்ளே ஒரு பல்லிப் படம் இருக்கும். பழுப்பு, வெளிநாட்டிலிருந்து தபாலில் வந்தது. கேட்டால் யாருக்கும் அனுப்புவார்களாம், தபால் செலவும் அவர்களுடையதாம். அந்த உறையைக் கல்யாணப் பத்திரிகை மாதிரி ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து காட்டினான். சும்மா கொடுக்கிறவன் என்ன எடுத்துக்கொண்டு போவானோ என்று நாங்கள் சந்தேகப்பட்டோம்.

என் பக்கத்து சீட் ஹேமா, தெலுங்குப் பெண், எங்களில் வேகமானவள். அவளுக்கு எந்த சிஸ்டமும் ஆட்சேபணை இல்லை, வெங்கடேஸ்வர சுவாமி படம் திரையில் வந்தால் போதும். எனக்குச் சீட்டாட்டம் வேண்டும். நடுவில் ஃபைல் வராத நேரத்தில் பின்னே என்ன செய்வது? நீலத்தில் சீட்டாட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. முரளி தலையில் அடித்துக்கொண்டான். கர்னல், பாதுகாப்பு, வைரஸ் வராது என்று அவன் ஒரு பக்கம் சொல்ல, நாங்கள் "இதுல எழுத்து பெருசாகுமா?" என்று கேட்டுக்கொண்டிருப்போம். இப்போது நினைத்தால் நாங்கள் கேட்டதும் சரிதான். நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்காரப் போவது நாங்கள்தானே.

கடைசியில் பச்சையும் பழுப்பும் நின்றன. ஒரு மத்தியானம் என் மேஜைக்கு வந்து ரெண்டு சிடியையும் ரெண்டு கையில் வைத்துக்கொண்டு, "எதப் போடட்டும் மேடம்?" என்று கேட்டான்.

"என்ன கேக்கறீங்களே முரளி, எனக்கின்னா தெரியும்?"

"தெரியாதவங்க கிட்டதான் கேக்கணும். சொல்லுங்க."

பழுப்பில் எழுத்து கண்ணை உறுத்தவில்லை. "பழுப்பே போடுங்க. கைக்கு ரொம்ப யோசிக்கிறீங்க?" என்றேன். எங்கள் தக்கனியில் 'கைக்கு' என்றால் எதற்கு.

"கைக்கா? காலுக்குத்தான யோசிக்கேன். பெடல் ஓடணும்லா" என்று சிரித்துவிட்டுப் போனான்.

எனக்கு அவனைப் பிடிக்கும். இதைச் சொல்வதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது, மன்னிக்கணும். அவனுக்கும் பிடிக்கும் என்றுதான் நினைத்தேன். ஆபீசில் இத்தனை பேர் இருக்க, கையில் சிடியோடு ஒருத்தன் நேராக என் மேஜைக்கு எதற்கு வர வேண்டும்? ஆனால் ரெண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. வேலை நிலைக்கட்டும் என்று அவன் இருந்தான். நான் எதற்காக இருந்தேன் என்று தெரியவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் ஒன்றாக நின்று, ஒரு டீயை ரெண்டு கிளாஸில் ஊற்றச் சொல்லிக் குடிப்போம். அவனுடைய பஸ் முதலில் வந்தால் விட்டுவிட்டு அடுத்ததில் போவான். அதைக் கண்டுகொள்ளாத மாதிரி நான் பஸ் போர்டுகளைப் படித்துக்கொண்டிருப்பேன்.

சிஸ்டத்தைவிட அவனைப் பாடாய்ப் படுத்தியது பெடல்தான். எங்கள் பெடல்கள் பழைய சிஸ்டத்துக்காகச் செய்தவை, லினக்ஸ் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முரளி தானே உட்கார்ந்து ஏதோ எழுதினான். எழுதி எழுதி அழித்தான். ஒரு நாள் வாட்டர் ஃபில்டர் பக்கமிருந்து கூப்பிட்டான், போய் மிதித்தேன். டாக்டர் பேசினார். காலை எடுத்தேன், நிறுத்தினார். இடது பக்கம் மிதித்தேன், சொன்னதையே சொன்னார். முரளி சுவரில் சாய்ந்து நின்றான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஒவ்வொரு பெடலாகக் கொண்டுவந்து மாட்டி எல்லாவற்றையும் சோதித்தான், எல்லாம் ஓடியது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆபீசில் அதைப் பிரசாத் சாரின் மனைவிதான் முன்னால் நின்று செய்வார். அம்மகாரு என்போம். பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக வந்து, ஒவ்வொருவர் பெயரையும் விசாரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாயிற்று. அப்புறம் ஒரு கேள்வி வந்தது. காலால் மிதிக்கிறதற்குப் பூஜை உண்டா? அம்மகாரு யோசிக்கவே இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போடுவதே அதுதான், வருஷம் பூராவும் காலில் மிதிபடுகிறது, இன்றைக்காவது மேலே ஏறட்டும் என்றார். பெடல்களைக் கழற்றிப் புதுத் துண்டு விரித்து மேஜை மேல் வரிசையாக வைத்தோம். அம்மகாரு ஒவ்வொன்றையும் குழந்தையைக் குளிப்பாட்டி எடுத்த மாதிரி தொட்டுத் தொட்டுச் சந்தனத்தைக் கரைத்துப் பூசினார், மஞ்சளைப் பூசினார், குங்குமம் வைத்தார், அட்சதை போட்டார். எங்களுக்குக் கண் கலங்கியது. ஹேமாவுக்கு நிஜமாகவே கலங்கியது, எனக்குக் கலங்கியிருக்க வேண்டும்.

முரளி ஒரு துணியை எடுத்துத் துடைக்கப் போனான். "துடவகண்டி பாபு" என்று தடுத்தார் அம்மகாரு. துடைக்கக் கூடாது, மறுநாள் அப்படியே எடுத்து வேலையைத் தொடங்கினால்தான் நல்லது. அவன் துணியை மடித்து வைத்துவிட்டான். நாங்கள் கிளம்பிய பிறகு எல்லாக் கம்ப்யூட்டரிலும் பழைய சிஸ்டத்தை அழித்துப் பழுப்பைப் போட்டு முடித்தான். நோட்டீஸ் பயத்தில் சார் பழையதில் ஒன்றுகூட மிச்சம் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

மறுநாள் ஊருக்கெல்லாம் விடுமுறை. அமெரிக்க நோயாளிகளுக்குத் தசரா கிடையாது என்பதால் எங்களுக்கு மட்டும் வேலை. பிரசாத் சார் எல்லாருக்கும் ஜம்மி இலை கொடுத்தார். இந்த ஊரில் தசராவுக்கு வன்னி இலையைத் தங்கம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். முரளி அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஹேமா செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து பெடலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மிதித்தாள். டாக்டர் பேசினார், எல்லாரும் கைதட்டினோம். அவள் காலை எடுத்தாள். டாக்டர் நிறுத்தவில்லை, அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். என் பெடல் மிதித்ததையே கண்டுகொள்ளவில்லை. அடுத்த மேஜையில் ஒரு டாக்டர் பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தார், நிற்கவே இல்லை. முதலில் சிரித்தோம்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. முரளி மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்து ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினான். வந்து உட்கார்ந்து தான் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பெடலில் கோளாறு இருக்கும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. ஒரு பெடல் நின்றால் பெடல் கெட்டது எனலாம், அத்தனையும் ஒரே நாளில் நின்றால்? நேற்று வரை எல்லாம் ஓடியது, இன்றைக்கு மாறியது சிஸ்டம் ஒன்றுதான் என்று சார் சொன்னார். தன்னைத்தானே சந்தேகப்பட முரளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அத்தனை இன்டர்வியூவில் பழகியிருந்தான். அன்றைக்கு முழுக்க அவன் விரல்கள் மஞ்சளாக இருந்தன. பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

மத்தியானத்துக்கு மேல் சார் அவனை உள்ளே கூப்பிட்டார். கதவு திறந்தே இருந்தது. கத்தவெல்லாம் இல்லை. இனி ரிஸ்க் எடுக்க முடியாது, லைசென்ஸே வாங்கிவிடுகிறேன், வாங்குகிற இடத்திலேயே ஆள் வந்து பார்த்துக்கொள்வான், நீ வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். முரளி வெளியே வந்து பையை எடுத்துக்கொண்டான். என் மேஜையருகே நின்று, "வருதேன் மேடம்" என்றான். நான் தலையை ஆட்டினேன். காதில் ஹெட்ஃபோன் இருந்தது, யாருக்கோ பித்தப்பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் படியிறங்கிய பிறகு அந்த ஃபைலை முடித்து அனுப்பினேன். எனக்கு ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன், ஒன்றும் ஆகவில்லை. பசித்தது, சாப்பிட்டேன்.

அந்த வாரம் முழுக்கப் பழுப்பு சிஸ்டத்திலேயே, பெடல் இல்லாமல், கையால் பட்டனைத் தட்டித் தட்டி வேலை பார்த்தோம். அதில் வேறு ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை காலை லைசென்ஸ் விற்ற இடத்திலிருந்து ஆள் வந்து, ஹேமாவின் கம்ப்யூட்டரில் முதலில் விண்டோஸைப் போட்டான். பெடலை மாட்டி மிதித்தான், ஓடவில்லை. வேறு பெடல், அதுவும் ஓடவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அடிப்பக்கத்தைத் திறந்தான். உள்ளே ஸ்பிரிங்கைச் சுற்றிச் சந்தனம் காய்ந்து கட்டியாக இருந்தது, மேலே குங்குமம் அப்பியிருந்தது. ஸ்விட்சுக்கு அடியில் ஒரு அட்சதை அரிசி மாட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொன்றாகத் திறந்தான், எல்லாம் அதே கதை.

பிரசாத் சார் பக்கத்தில்தான் நின்றார். அம்மகாரு பூசியது, என்ன சொல்வார் பாவம்? க்ளீன் செய்து மாட்டுங்கள் என்று மட்டும் சொன்னார். ஹேமாதான் கேட்டாள், "சார், முரளிகி ஃபோன் சேத்தாமா?" என்று. முரளிக்கு ஃபோன் போடலாமா என்கிறாள். "இப்புடு எந்துகம்மா? லைசென்ஸ் கொனேஸாம் கதா" என்றார். இப்போது எதற்கு, லைசென்ஸ்தான் வாங்கியாகிவிட்டதே. அப்புறம் ரூமுக்குள் போய்விட்டார்.

நான் கீழே இறங்கி, ஜெராக்ஸ் கடையில் இருந்த ஃபோனிலிருந்து கூப்பிட்டேன். முரளியின் மொபைல் அணைந்திருந்தது. வீட்டு நம்பருக்குப் போட்டேன், அவனுடைய அம்மா எடுத்தார்.

"முரளி இருக்காருங்களா?"

"யாரும்மா நீ?"

"ஆபீஸ்லேருந்து பேசறேன்."

"அவன் மஸ்கட்டுக்குக் கெளம்பிட்டானே தாயி" என்றார்.

அதற்குள்ளா என்று நினைத்தேன். "ஒரே ஒரு விஷயம் சொல்லணும்மா. அவர் போட்ட சிஸ்டத்துல தப்பே இல்ல. பூஜைல பெடலுக்குள்ள சந்தனம் போயிருந்துச்சு, அதான் ஓடல. அவர் எழுதினதெல்லாம் சரியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லிடுங்க."

"சரிம்மா, சொல்லிருதேன். நீ நல்லா இரு" என்றார். நல்ல குரல். மேலே வந்து வேலையைப் பார்த்தேன்.

செய்தி கிடைத்ததும் ஒரு மெயிலாவது போடுவான் என்று இருந்தேன். வரவில்லை. அம்மா சொல்லியிருப்பார், இவனுக்கு இனி என்ன வந்தது, ஆள் வெளிநாட்டில் இருக்கிறான் என்று முடிவு கட்டினேன். மறு வருஷம் எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பிடித்திருக்கிறதா என்று அம்மா கேட்டபோது "ஹவ்" என்றேன். பொய்யில்லை, பிடிக்காமல் போக ஒன்றும் இல்லை. நல்ல மனிதர்.

சில வருஷங்கள் கழித்து முரளியைப் பார்த்தேன், செகந்திராபாத் மணிக்கூண்டுப் பக்கம் ஒரு ஸ்வீட் கடையில். தலைமுடி குறைந்திருந்தது. பக்கத்தில் மனைவி, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை. அம்மா காலமாகி ஒரு வருஷம் முடிந்து திதிக்கு வந்திருக்கிறான், மௌலா அலி வீட்டையும் விற்றுவிட்டுப் போகப்போகிறான். மனைவி கடைக்காரரிடம் ஸ்வீட்டைப் பெட்டியில் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் ஓரமாக நின்றோம். மஸ்கட் வெயில், கடை, எல்லாம் பேசிவிட்டு அவனே ஆரம்பித்தான்.

"பச்சையப் போட்டிருக்கணும் மேடம். எனக்கு அதான் தோணுச்சு. நீங்க பழுப்புன்னிய, போட்டுட்டேன். அங்க போயி ரொம்ப நாளு இதே நெனப்பு. பச்சையப் போட்டிருந்தா பெடல் ஓடியிருக்கும், இங்கயே இருந்திருப்பேன்."

குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழை பெய்ததைச் சொல்வது போலச் சொன்னான். "பழுப்புல ஒண்ணுமே தப்பில்ல முரளி" என்றேன். சந்தனத்தைச் சொன்னேன், ஸ்பிரிங்கைச் சொன்னேன், அட்சதையைச் சொன்னேன்.

"சந்தனமா?" என்றான். சிரிக்கத் தொடங்கினான், பாதியில் விட்டுவிட்டான். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேனே. அந்த சனிக்கிழமையே வீட்டுக்கு ஃபோன் பண்ணேன். நீங்க கெளம்பிட்டதா அம்மா சொன்னாங்க. அவங்ககிட்டயே எல்லாம் சொல்லி வெச்சேன்."

"சனிக்கிழமையா?" அவன் என்னையே பார்த்தான். "சனிக்கிழம நான் வீட்லலா இருந்தேன். ஞாயித்துக்கெழமதான ஃப்ளைட்டு. உள்ரூம்ல சட்டைய மடிச்சிட்டு இருந்தேன். ஃபோன் அடிச்சுது. யாரும்மான்னு கேட்டேன். ராங் நம்பருன்னு அம்மா சொன்னா."

குழந்தை வந்து அவன் விரலைப் பிடித்து இழுத்து, "அப்பா, லெட்ஸ் கோ" என்றது. "அவ என்ன செய்வா, விசா போயிருமேன்னு பயந்திருப்பா" என்றான். தாயை விட்டுக்கொடுக்கவில்லை. அப்புறம் என்னிடம், "வருதேன் மேடம்" என்றான். இந்தத் தடவை காதில் ஹெட்ஃபோன் இல்லை. அப்படியும் தலையைத்தான் ஆட்டினேன்.

அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். வரட்டும் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், வந்ததில்லை. ஆபீசில் இருந்து ஒரு பெண் குரல் கூப்பிட்டதும் அவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது, எனக்குப் புரிந்ததைவிடச் சீக்கிரமாக. இப்போது டாக்டர் பேசினால் மெஷினே கேட்டு மெஷினே டைப் செய்துவிடுகிறதாம். எங்கள் ஆபீஸ் இருந்த மாடி பெண்கள் ஹாஸ்டலாகிவிட்டது, ஜெராக்ஸ் கடை இருந்த இடத்தில் மெட்ரோ தூண் நிற்கிறது. மௌலா அலி வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். கூடத்தில் வைத்த ஃபோன் வீட்டுக்கே பொதுவாக அடிப்பதும் போய்விட்டது. அவரவர் கையில் அவரவர் ஃபோன், அடிக்கும்போதே கூப்பிடுகிறவர் பெயர் விழுந்துவிடுகிறது. உள்ரூமிலிருந்து யாரும்மா என்று கேட்கிறவனும் இல்லை, ராங் நம்பர் என்று சொல்ல ஒரு தாய்க்கு வழியும் இல்லை.